செனாத்தின் காலுக்கு ஒரு நேர்த்தி

அகஸ்ரினுக்கு வயிறு முதுகோடு ஒட்டிக்கிடந்தது. காலையில் ஒரு பிளேன்ரீ, இரண்டு பிஸ்கட். பிறகு ஃபோர்ட் யோர்க் கோட்டையின் பீரங்கிகளைத் தடவிப் பார்த்து, சிப்பாய்கள் படுத்த பலகைக் கட்டில்களைப் பார்த்து, வெடிமருந்துக் கட்டடத்துக்குள் குனிந்து போய் வெளியே வர மதியம் திரும்பிவிட்டது.

முன்னால் செனாத் ஊன்றுபொல்லில்லாமல் நடந்துகொண்டிருந்தான். பொஸ்னியாக்காரன். அகஸ்ரினோடு சோடியாகப் பலகை தூக்கி உள்சுவர் அடிப்பவன். கோட்டையைச் சுற்றி வானத்தை மறைத்து நிற்கும் கொண்டோ மாடிக் கட்டடங்களில் இரண்டு இவர்கள் கைபட்டவை. மாரியில் செனாத் ஏணியோடு விழுந்தான். கால் முறிந்து எலும்பு வெளியே வந்தது. பழையபடி நடப்பானோ என்று கேட்டதற்கு டொக்டரே இழுத்துத்தான் பதில் சொன்னார். அப்போது அகஸ்ரின் ஊரிலுள்ள மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தான்: செனாத் எழும்பி நடந்தால், அன்று தொட்டு ஆவணித் திருநாள் முடியும்வரை இறைச்சி தொடமாட்டேன்.

மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். கால் சரிவந்ததைக் கொண்டாடத்தான் செனாத் இன்று அகஸ்ரினுக்கும் மனைவி கிளடிஸுக்கும் கோட்டை காட்டி, வீட்டில் விருந்தும் வைக்கிறான். நேர்த்தி விசயம் மட்டும் அவனுக்குத் தெரியாது.

"போன் அடிச்சுச் சொல்லுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்," கிளடிஸ் பல்லைக் கடித்தாள்.

"உன்ர காலுக்காக இறைச்சியை விட்டனான் எண்டு ஒரு ஆம்பிளையிட்டச் சொல்லுறதே? வெக்கமப்பா."

"மச்சான்!" செனாத் திரும்பிக் கத்தினான். வேலைத்தளத்தில் பொறுக்கிய சொல் அது. மிச்சமெல்லாம் இங்கிலீஷ்தான். "எங்கட திராவ்னிக் கோட்டைக்கு முன்னால உது கோழிக்கூடு!"

"நீ மன்னார்க் கோட்டையைப் பாக்கேல்லை. உங்கடையைத் தூக்கி அதின்ர அகழிக்குள்ள போடலாம்."

"பொய்க்காரன்!"

எற்றோபிக்கோவில் செனாத்தின் வீட்டுப் பின்வளவில் கரியடுப்பு புகைந்தது. அவன் மனைவி ஆம்ரா பெரிய தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். செவாப்பி. விரல் பருமனில் உருட்டிச் சுட்ட மாட்டிறைச்சி, நெய் சொட்டச் சொட்ட. பக்கத்தில் சூடான ரொட்டி, வெட்டிய பச்சை வெங்காயம், வெண்ணெய் மாதிரி ஒரு பாலாடை. அகஸ்ரின் வெங்காயத்தை மட்டும் கடித்தான்.

"முதல் வாய் விருந்தாளிக்கு," என்று செனாத் ஒரு துண்டை ரொட்டிக்குள் வைத்து நீட்டினான். அந்தச் சிரிப்பைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அகஸ்ரினுக்கு வாய் வரவில்லை. வயிறும் விடவில்லை. வாயைத் திறந்தான். என்ன ருசி!

செனாத் உப்பெடுக்க எழும்பினான். புல்லில் விரித்த கம்பளத்தின் விளிம்பில் கால் தடுக்கி விழுந்தான்.

"ஐயோ மாதாவே!" அகஸ்ரின் பாய்ந்தான். கதிரை விழுந்தது, வெங்காயத் தட்டு கவிழ்ந்தது. "இரடா! எழும்பாதை! என்ர பிழை, நான் திண்டிட்டன்!"

"நல்லா வேணும்," என்றாள் கிளடிஸ். பிறகு எல்லாவற்றையும் அவளே சொல்லி முடித்தாள்.

செனாத் எழும்பி நின்றான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்துவிட்டு, முறிந்த காலில் மட்டும் நின்று இரண்டு தரம் துள்ளிக் காட்டினான். "பார் மச்சான், உங்கட மாதா காலைத் திருப்பிக் கேக்கேல்லை!"

ஆம்ரா இறைச்சித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கீரையும் சீஸும் வைத்துச் சுருட்டிச் சுட்ட பிட்டாவோடு திரும்பி வந்தாள். அகஸ்ரின் நாலு துண்டு தின்றான். செனாத் பிளம்ஸ் சாராயப் போத்தலைத் தூக்கி, இதுக்கும் தடையோ என்று கேட்டான்.

"அதைப்பற்றி நேர்த்தியில ஒண்டும் கதைக்கேல்லை," அகஸ்ரின் அவசரமாகச் சொன்னான். கிளடிஸே சிரித்துவிட்டாள்.

கடைசியில் செப்புக் கேத்தலில் கோப்பி வந்தது. சீனிக்கட்டியின் மூலையை அதில் தோய்த்துக் கடித்துவிட்டுக் குடிக்கவேண்டுமாம். கிளடிஸ் மூன்று கட்டி கடித்தாள். கடித்துக்கொண்டே தீர்ப்பும் சொன்னாள்: "திண்ட துண்டுக்கு, திருநாள் முடிஞ்ச பிறகும் இன்னுமொரு கிழமை இறைச்சி இல்லை."

"வாயில தீத்தினது நான்," என்றான் செனாத். "பாதி என்ர."

"இவரோ? இறைச்சி இல்லாமலோ?" ஆம்ரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

செனாத் விட்டுக்கொடுக்கவில்லை. மடு மாதாவுக்கு ஒரு கிழமை கடன்: பாதி அகஸ்ரின் கட்டவேண்டும், பாதி செனாத் கட்டவேண்டும்.