சுத்துமாமா

படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலையிலிருந்து அந்தச் சிரிப்புக்காகத்தான் காத்திருந்தாள். நாற்காலி, மேசை செய்து ஊர் ஊராகக் கடைகளுக்கு அனுப்பும் நிறுவனம் அது. அதன் மேலாளர்கள் எல்லாரும் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தார்கள். விற்பனை, இருப்பு, திரும்பி வந்த சரக்கு என்று எல்லாக் கணக்கையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருளை அவளுடைய குழுதான் அவர்களுக்குச் செய்து கொடுத்திருந்தது. கொடுத்து மாதக்கணக்கில் ஆகியும் பாதிப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை. போனவர்களும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடி வந்துவிடுகிறார்கள். திரையை அடியோடு மாற்றி எளிமையாக்க வேண்டும், அதற்கு அவகாசம் வேண்டும் என்பதைப் பெரிய அதிகாரியின் மண்டையில் ஏற்றத்தான் இந்தப் படம்.

மூன்றாவது வரிசையில் அவள் கணவரும் இருந்தார். அங்கே கிடங்கு மேலாளர் அவர். இந்த வேலை அவள் குழுவுக்குக் கிடைத்ததே அவர் வாயால்தான். “என் வீட்டுக்காரி கை வெச்சா எதுவும் சோடை போகாது” என்று பெரிய அதிகாரியிடமே சொல்லியிருக்கிறார். அவள் பேச எழுந்தபோது பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

படம் என்றால் அதில் மனித முகம் ஒன்றும் கிடையாது. யார் திரையைத் திறந்தாலும் அவர்களுடைய மவுஸ் அம்புக்குறி எங்கே போகிறது, எதை அழுத்துகிறது என்பது பதிவாகிவிடும். பெயர் இருக்காது, ஆளுக்கு ஓர் எண் மட்டும்தான். மேலாளர்களிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிய ஏற்பாடு. குழுவில் சாப்பாட்டு வேளையில் இந்தப் பதிவுகளைப் போட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எல்லாருக்கும் செல்லம் ஏழாம் எண். மற்றவர்களின் அம்பு தலைதெறிக்க ஓடும், இவருடையது ஓடாது. திரையில் எந்தக் கணக்கெண்ணைக் கண்டாலும் அதைச் சுற்றி நிதானமாக மூன்று வட்டம் போடும். பிறகு திரையின் இடது கீழ் மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். என்ன நினைத்துக்கொள்ளுமோ, திரும்பி வந்து அதே எண்ணை இன்னொரு தரம் சுற்றும். சுத்துமாமா என்று அதற்குப் பெயர் வைத்தவள் அவள்தான். அன்றைக்கு நெட்டையனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. குழுவில் நிரல் எழுதுகிற அந்த நெட்டையன் அதற்குப்பிறகு தினமும் “மாமா வந்தாரா?” என்று கேட்டுக்கொண்டுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பான்.

அதனால்தான் கூட்டத்துக்கு அவள் அந்தப் பதிவையே பொறுக்கி எடுத்தாள். போன மாதம் கடைகளிலிருந்து திரும்பி வந்த நாற்காலிகள் எத்தனை என்று தேடுகிறார் ஏழாம் எண். விடை முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. அம்பு அதைச் சுற்றுகிறது, நம்பாமல் போகிறது, விற்பனைக்குள் நுழைகிறது, வழி தெரியாமல் வெளியே வருகிறது, மறுபடி நுழைகிறது. கடைசியில் தேடல் பெட்டிக்குப் போய் ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறது: “வணக்கம். போன மாதம் திரும்பி வந்த நாற்காலிகள் எத்தனை என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.” பெட்டி பதில் சொல்லவில்லை. அம்பு காத்திருக்கிறது. ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டு, “நன்றி” என்று அடிக்கிறது.

அறையே அதிர்ந்தது. பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்க குழுவுல இவருக்குச் செல்லப்பேரு சுத்துமாமா” என்று அவள் சொல்லவும் இன்னொரு அலை எழுந்தது. அவளுக்கும் தலைகால் புரியவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று திரையைப் பார்த்து நின்றாள். அம்பு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து அந்தப் பெரிய எண்ணைச் சுற்றத் தொடங்கியிருந்தது. மூன்று வட்டம். மூலை. ஒரு வட்டம். அத்தனை தடவை பார்த்தபோதும் தோன்றாதது அப்போது தோன்றியது. பால் பாக்கெட்டின் மேல் அச்சடித்த தேதியை ஒரு விரல் இப்படித்தான் சுற்றும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை, மின்கட்டணச் சீட்டை, பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை இதே விரல் மூன்று முறை சுற்றிவிட்டுத்தான் நம்பும். அடுப்படியில் நின்று அவள் ஆண்டுக்கணக்காகப் பார்த்த விரல்.

மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். மற்ற எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார், பக்கத்திலிருந்தவரின் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அவள் பார்ப்பதைக் கண்டதும் மேசைமேல் இருந்த வலது கையின் விரல்களை மடக்கிக்கொண்டார்.

“யாரும்மா இந்த மகராசன்? பேரைச் சொல்லு, இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்” என்றார் பெரிய அதிகாரி. வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் சிரித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பேரு எங்களுக்கே தெரியாதுங்க” என்றாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்வரை அது உண்மை. அதற்குமேல் என்ன பேசினாள் என்பது அவள் நினைவில் இல்லை. கேட்ட அவகாசம் கிடைத்தது, கைதட்டினார்கள். கணவரும் தட்டினார், மடக்கிய கையை விரிக்காமலே.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு பழைய காட்சி திரும்பத் திரும்ப வந்தது. மென்பொருள் வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பித் தம்ளரோடு அவர் அவள் பக்கத்தில் வந்து நின்று, “அந்தத் திரையில புனல் மாதிரி ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?” என்று கேட்டார். வேண்டாத கணக்கை வடிகட்டுகிற பொத்தான் அது. அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. “அய்யோ, அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்ங்க” என்றாள். அவர் சிரித்தார். “தெரியும் தெரியும், உன்னைச் சோதிச்சுப் பாத்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப்பிறகு எதுவும் கேட்டதில்லை. கேட்காதது மட்டுமல்ல, “கிடங்குல எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் குடுக்கறேன்” என்று சொல்லிக்கொள்ளவும் தொடங்கினார். அவளும் நம்பி, அதை நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஊர் மேலாளர்களுக்கெல்லாம் திரையை எளிமையாக்கப் புறப்பட்டவளிடம் சொந்த வீட்டு மனிதர் ஒரு பொத்தானைப் பற்றிக் கேட்க முடியவில்லை.

வீட்டில் அவர் அவளுக்கு முன்பே வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அசத்திட்ட போ. பெரியவரே வெளிய வந்து உன்னைப் பத்தித்தான் பேசறாரு.”

“அப்படியா” என்றாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கத் தோன்றவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் அடுத்த நொடியே, அது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும் என்று சொன்னதாகிவிடும். அவர் அரும்பாடுபட்டு மூடிவைத்ததை இழுத்துத் திறந்ததாகிவிடும். சொல்லாவிட்டாலோ, இன்னும் அந்தக் கூட்ட அறையிலேயே நின்று சிரித்துக்கொண்டிருப்பதாகத்தான் ஆகும்.

“என்னங்க…”

“அந்த ஏழாம் நம்பரு,” என்றார் அவர், கத்தியை நிறுத்தாமல். “பாவம், யாரோ வயசான ஆளா இருக்கும். கணக்குப் பிரிவு ஆளுன்னு நினைக்கறேன்.”

“இருக்கும்.”

“நன்றின்னு வேற அடிக்கறான் பாரு” என்று சிரித்தார். வெங்காயம் என்பதால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

அவள் பிரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து, தேதி மேலே தெரியும்படி அவர் பக்கத்தில் வைத்தாள். வழக்கமாக அதைச் சுற்றும் விரல் வரவில்லை. அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ம், நல்லாத்தான் இருக்கு” என்று வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டார். அவளுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

புதிய திரை தயாராகி மேலாளர்களிடம் போயிற்று. பொத்தான்களுக்கெல்லாம் இன்னது எதற்கு என்று பச்சைத் தமிழில் ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தாள் அவள். புனலுக்கு எழுதிய வரியை அவளே நாலு தடவை திருத்தினாள். சாப்பாட்டு வேளைப் படங்களை நிறுத்தச் சொல்லி நாளாகிவிட்டது. ஆனாலும் முதல் வாரப் பதிவுகளைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

“ஏய், இங்க வந்து பாரேன்! நம்ம சுத்துமாமா தேறிட்டாருப்பா!” என்று நெட்டையன் கத்தினான்.

“அப்படிக் கூப்பிடாத” என்றாள். அவன் விழித்தான். பெயர் வைத்தவளே இவள்தானே என்று அவன் முகம் கேட்டது. அவள் அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

ஏழாம் எண்ணின் அம்பு உள்ளே வந்தது. வந்த வேகத்தில் புனலை அழுத்தியது. கடையைத் தேர்ந்தது, மாதத்தைத் தேர்ந்தது, திறந்தது, மூடியது, அடுத்ததற்குத் தாவியது. ஒரு தடுமாற்றம் இல்லை. தேடல் பெட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் போய் ஒண்டவில்லை.

“எவ்ளோ ஈஸியாக்கிட்டோம் பாத்தியா? இதைத்தான் பெரியவருக்குக் காட்டணும்” என்றான் நெட்டையன். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவள் அம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எந்த எண்ணின் மேலும் படித்து முடிக்கிற நேரம் நிற்கவில்லை. அவள் எழுதிய வரிகள் எதையும் படிக்கவில்லை. தெரிந்தவர்கள் எப்படிப் போவார்களோ அப்படிப் போய்க்கொண்டிருந்தது, யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்து போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் திறந்து மூடிவிட்டு முதல் பக்கத்துக்கு வந்தது. கொட்டை எழுத்தில் இருந்த அந்த எண்ணின் அருகே ஒரு கணம் தயங்கியது. பிறகு மெதுவாக அதைச் சுற்ற ஆரம்பித்து, பாதி வட்டத்தில் சட்டென்று நின்று, திரையை மூடிவிட்டுப் போனது.