மாப்பிள்ளை காரைக் குள்ளமாக்குகிறார்

...அதாவது, ஒழுங்காக நின்றுகொண்டிருந்த ஒரு காரைத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, உள்ளே இருந்த நல்ல ஸ்பிரிங்குகளைப் பிடுங்கிப்போட்டுவிட்டுக் குட்டை ஸ்பிரிங்குகளை மாட்டி, மறுபடி கீழே இறக்கினால், அது முன்பு நின்றதைவிட இரண்டு விரற்கடை தாழ்வாக நிற்கும், இந்த அற்புதத்துக்காக இவன் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறான், காரணம் என்னவென்று எழுதிக் கொடுத்தானோ, குடும்ப விஷயம் என்றுதான் எழுதியிருப்பான், எழுதக்கூடியவன்தான். கட்டின பெண்டாட்டி போன மாதம் பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள், அந்த அப்பா, அதாவது தான், பேச வருகிறேன் என்று போன் செய்தால், "இன்னிக்கு ஷெட்லதான் இருப்பேன் மாமா, அங்கேயே வந்துடுங்க" என்கிறான். ஷெட்! ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றிப் பேச இவனுக்குக் கிடைத்த இடம், கிரீஸ் நாற்றமும், கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியும், தொண்டை கிழியக் கத்தும் காற்று மெஷினும். இவ்வளவையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வாயால் அவர், "பரவாயில்லை மாப்பிள்ளை, நீங்க வேலையைப் பாருங்க" என்றார். மனதில் இவன், வாயில் நீங்க. கல்யாணத்தன்றிலிருந்து இந்த இரட்டை வாழ்க்கைதான், சர்க்கரை இல்லாத காப்பியை இனிக்கிற முகத்தோடு குடிக்கிற மாதிரி.

புது சக்கரங்கள் நாலும் சுவரோரம் துணி விரித்துப் படுக்கவைக்கப்பட்டிருந்தன. துணியாம், மகள் பெட்டியோடு கிளம்பின அன்றைக்கு அவளுக்குப் போர்த்திக்கொள்ளக்கூட ஒன்று எடுத்துக் கொடுக்கவில்லை இவன். இந்த நாலும்தானே எல்லாவற்றுக்கும் காரணம், பார்சலில் வந்ததும் கூடத்தில் வைத்தால் கீறல் விழும் என்று படுக்கையறையில் அவள் பீரோவை ஒட்டி அடுக்கினானே, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டு அலறினாளே, அலறல் கேட்டு விளக்கைப் போட்டவன் முதலில் குனிந்து பார்த்தது எதை? அட்டைப்பெட்டியை. மகள் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அதுதான் அவருக்குப் புரியவில்லை, விரல் வீங்கியிருக்கிறது, பெட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், சிரிக்கிறாள். சரி, அதை விடு. வந்த விஷயம் ஒன்று, அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவள் வரமாட்டாள். ஒரே ஒரு வார்த்தை.

அவள் சொன்னது அப்படியேதான் என்று சொல்ல முடியாது. "வரேன்னும் சொல்லாதீங்கப்பா, வரலைன்னும் சொல்லாதீங்க, கேட்டா கொஞ்ச நாள் ஆகட்டும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். ஆனால் இதெல்லாம் ஒரு வாக்கியமா? பத்திரிகை ஆபீஸில் ஆயுசு முழுக்க உதவி ஆசிரியராக உட்கார்ந்து, மேடையில் ஒரு மணி நேரம் முழங்கியவர்களை நாலு வரியில் அடக்கியவர் அவர், வழவழா கொழகொழாவில் விஷயம் எங்கே இருக்கிறது என்று பேனா முனைக்கே தெரியும். இதைச் சுருக்கினால் என்ன மிஞ்சும்? வரமாட்டாள் என்றுதானே மிஞ்சும்? பஸ்ஸில் வரும்போதே வெட்டி முடித்தாயிற்று. இதில் தனக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. மனைவி போனபிறகு பூட்டின வீட்டைத் திறந்து இருட்டுக்குள் கைவிட்டு சுவிட்சைத் தடவுவதற்குப் பதிலாக, இப்போதெல்லாம் விளக்கு முன்னாலேயே எரிகிறது, அவ்வளவுதான். பேப்பரில் தப்பு கண்டுபிடித்து உரக்கப் படித்தால் சிரிக்க ஒரு ஆள். டிவி சத்தத்தைக் குறைங்கப்பா என்று அதட்ட ஒரு ஆள். இதுக்காகவா ஒரு தகப்பன் பொய் சொல்வான்? சே. பொய் இல்லை, சுருக்கம்.

"பெரியவரே, கொஞ்சம் எழுந்து வந்து வண்டிக்குள்ள உக்காருங்க." மெக்கானிக். கார் இப்போது புது சக்கரங்களோடு, அடியில் வேலை செய்யத் தரையில் வெட்டியிருந்த குழியின் மேல் நின்றுகொண்டிருந்தது, வாலைச் சுருட்டிக்கொண்டு தரையோடு படுத்த பிராணி மாதிரி, இதற்கா இத்தனை பாடு?

"நான் எதுக்குப்பா?"

"வெயிட்டுக்கு."

யோசனை கேட்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், எடைக்காக ஒருவரும் கூப்பிட்டதில்லை. "புது ஸ்பிரிங் போட்டிருக்கோம்ல," என்று மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே விளக்கினான், "அடியில இருக்கிற போல்ட்டையெல்லாம் வண்டி அந்தரத்துல இருக்கும்போது முறுக்கினா, கீழே இறங்கினதும் ரப்பர் புஷ் திருகிக்கும், சீக்கிரம் கிழிஞ்சிடும். சவாரி போற மாதிரி ஆள் உக்காந்திருக்கணும், அப்பதான் முறுக்கணும். அண்ணன் ஸ்டியரிங்ல உக்காரட்டும், நீங்க அண்ணி சீட்ல உக்காருங்க." அண்ணியாம். அண்ணியை எவன் பார்த்தான்?

உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்பதுதான் சரி, முதுகு எங்கேயோ போய், முழங்கால்கள் மோவாய்க்கு வந்தன. அவள் குள்ளம், சீட்டை முன்னால் இழுத்து வைத்திருக்கிறாள். கீழே கையை விட்டு நெம்புகோலைத் தேடினார்.

"மாமா, அதை மட்டும் மாத்தாதீங்க." மாப்பிள்ளையின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "அப்புறம் அவ வந்து உக்காந்து பார்த்துட்டு, யார் மாத்தினதுன்னு திட்டுவா."

வந்து உட்கார்ந்து பார்ப்பாளாம். என்ன நிச்சயம்! என்ன மிதப்பு! முழங்காலைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட பெஞ்சில் தண்டனைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். இப்போது சொல்லிவிடலாமா? குழிக்குள் மெக்கானிக் இருக்கிறான், இருக்கட்டுமே... "சக்கரத்து நட்டு பாத்தீங்களா மாமா," என்றான் இவன், "கருப்பு. நான் சிவப்புதான் வாங்குறதா இருந்தேன். போட்டோ அனுப்பினேன், சிவப்பு போட்டா சர்க்கஸ் வண்டி மாதிரி இருக்கும், கருப்பே போடுங்கன்னுட்டா."

"யாரு?"

"உங்க பொண்ணுதான்."

சர்க்கஸ். அது அவருடைய வார்த்தை, அவர் வீட்டு வார்த்தை, பேப்பர் படிக்கும்போது யாரைப் பற்றியாவது அவர் சொல்ல, அவள் சிரிப்பாளே, அது. அதைப் போய் இவனுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அப்படியென்றால் சாயங்காலம் சோபா மூலையில் காலை மடக்கிக்கொண்டு போனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தது ஆபீஸ் சிநேகிதியோடு இல்லையா? அவர் படித்த தப்புகளுக்குச் சிரித்ததெல்லாம் எது, நட்டுக்குச் சிரித்தது எது?

"தினமும் பேசறீங்களா?"

"வண்டியைப் பத்திப் பேசறா, சாப்பிட்டீங்களான்னு கேக்கறா, எப்ப வரேன்னு கேட்டா மட்டும் பதில் வராது. நேத்தும் கேட்டேன். அப்பாகிட்ட சொல்லியிருக்கேன், அவர் சொல்லுவார்னு சொன்னா." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான், கார் ஓடாதபோதே. "என்ன சொன்னா மாமா?"

"ரெண்டு பேரும் அசையாதீங்க," என்றது குழி. அடியில் ஸ்பானர் கடகடவென்று இழுபட்டது. இறங்கி ஓடவும் வழியில்லை. வரமாட்டாள், வெட்டிச் செதுக்கித் தயாராக நாக்கு நுனியில் இருக்கிறது, சொல்லு, யார் கேட்கப்போகிறார்கள்? அவர் வாயைத் திறந்தார், முழு வாக்கியமும் வந்துவிழுந்தது, ஒரு எழுத்துக் குறையாமல், வரேன்னும், வரலைன்னும், கொஞ்ச நாள் ஆகட்டும்னும், இத்தனை வருஷத்தில் அவர் வெட்டாமல் விட்டது இது ஒன்றைத்தான்.

அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினான். அப்புறம், "அப்போ... வருவான்னுதானே மாமா அர்த்தம்?" என்றான்.

முட்டாள், என்று எழும்பியது உள்ளே, அடிமுட்டாள், அதில் எங்கேடா இருக்கிறது வருவாள், எந்த மூலையில் இருக்கிறது... எழும்பியது பாதியில் நின்றது. அதே வாக்கியம்தான். இவனும் சுருக்கினான். அப்படியென்றால் அவள் எதை நினைத்துச் சொன்னாள்? கொஞ்ச என்பதை அழுத்தினாளா, ஆகட்டும் என்பதை இழுத்தாளா? கண் எப்படி இருந்தது, சிரித்தாளா, விரலை நீவிக்கொண்டிருந்தாளா? நினைத்து நினைத்துப் பார்த்தார். வாசற்படியிலிருந்து குரல் வந்தது, அது ஞாபகம் இருக்கிறது. அப்போது முதல் பக்கத்தில் ஒரு தலைப்பைப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார், அதுவும் ஞாபகம் இருக்கிறது. அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முடிஞ்சுது, இறங்கலாம்," என்று மெக்கானிக் குழியிலிருந்து மேலே ஏறினான். "அண்ணே, வெளியில வந்து பாருங்க, வண்டி எப்படி உக்காந்திருக்குன்னு!" இவன் இப்போது குதித்து இறங்கி நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பான் என்று அவர் காத்திருந்தார், எடுக்க வேண்டும், அதுதான் இவன். மாப்பிள்ளை கதவைத் திறக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.