பச்சைத்தண்ணி

காட்டுத்தீ அடங்கிய பிறகுதான் அவர்களுக்கு வேலையே ஆரம்பம். கொழுந்துவிட்டு எரியும்போது ஆளுக்குப் பஞ்சமிருக்காது. ஹெலிகாப்டர் வரும், படம் பிடிக்கிறவர்கள் வருவார்கள், கஞ்சி போட்ட சட்டையோடு அதிகாரிகள் வந்து தூரத்தில் நின்று கை நீட்டிப் பேசுவார்கள். புகை மெலிந்ததும் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். மிஞ்சுவது பதினெட்டுப் பேர் கொண்ட குழுவும் கரிந்த மலையும்தான்.

அந்தப் பதினெட்டுப் பேரும் எரிந்த விளிம்பு நெடுகிலும் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் சாம்பலைத் தடவிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மேல் மண் சில்லென்று இருக்கும். அடியில் ஏதாவது ஒரு வேர், அணைக்காமல் போட்ட பீடித்துண்டு மாதிரி நாலைந்து நாள் கனன்றுகொண்டிருக்கும். காற்று ஒரு தரம் திரும்பினால் போதும். அதனால் ஒருவர் கை வைத்துப் பார்ப்பார். சூடு இல்லையென்றால் "பச்சைத்தண்ணி" என்பார். கூட வருகிறவர் ஒரு குச்சியை நட்டு, நீல ரிப்பன் கட்டி, ரிப்பனில் தன் எண்ணை எழுதுவார். ரிப்பன் கட்டிய இடத்தை அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டியவர் எண் பதிவேட்டில் ஏறும். கை வைத்தவர் பேர் எந்தக் காகிதத்திலும் ஏறாது.

அந்தக் குழுவில் அவனுக்குத் தெர்மாமீட்டர் என்று பேர். நாலு விரல் சாம்பலுக்கு அடியில் கிடக்கிற நெருப்புக் கங்கை மேலிருந்தே சொல்லிவிடுவான். "காய்ச்சலா? ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போறே, அண்ணன்கிட்ட நெத்தியைக் காட்டு" என்பார்கள். முகாம் சமையற்காரர் எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று கேட்க அவனைக் கூப்பிடுவார். அவனும் வாணலிக்கு மேலே கையை நீட்டி, கண்ணை மூடி, "இன்னும் ஒரு நிமிஷம்" என்பான். சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். கல்யாணம் ஆகவில்லை; தங்கை வீட்டு முன்னறையில் ஒரு கட்டில், ஒரு அலமாரி. நாற்பத்தாறு வயதுக்கு அவன் சேர்த்து வைத்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான்.

போன வருஷம் அந்தக் கை செத்துப்போனது.

ஒரே நாளில் நடக்கவில்லை. இருபது வருஷம் மிஷின் ரம்பம் பிடித்த கை. முதலில் குளிர்காலக் காலைகளில் விரல் நுனி வெளுத்தது. அப்புறம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்புறம் எறும்பும் ஊரவில்லை. ஒருநாள் சாயங்காலம் உள்ளங்கையில் கொப்புளத்தைப் பார்த்தபோதுதான் மத்தியானம் எதிலோ சுட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. இடது கையும் பின்னாலேயே போயிற்று.

யாரிடமும் சொல்லவில்லை. கையைத் தடவுகிற மாதிரி தடவி, எதையோ கூர்ந்து பார்க்கிறவன் போலக் குனிந்து, கன்னத்தை மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவான். கன்னத்துக்குச் சூடு தெரிந்தது. ஒரு சீசன் முழுக்க அப்படியே ஓட்டினான். கண்டுபிடித்தது ஒரே ஒரு ஆள், அவனோடு ரிப்பன் கட்டிக்கொண்டு வருகிற தங்கை வீட்டுக்காரர். அவன் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதால் குழு முழுக்க, கேப்டன் உட்பட, அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது. வாயில் விரல் விட்டால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். ஒருதரம் அவன் கன்னத்துச் சாம்பலைத் துடைத்துவிட்டு, "மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க மச்சான், யாராவது கேப்பாங்க" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ரொம்ப நாள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இந்த வருஷம் அவர்கள் போன ஒரு சரிவில் பெரிய அடிமரம் இருந்தது. தீ வந்துபோய் இரண்டு நாள் ஆகியிருந்தது. கீழே அரைக் கிலோமீட்டரில் சில வீடுகளும் ஒரு ஆட்டுப்பட்டியும். அவனும் மாப்பிள்ளையும் அடிமரத்துக்கு வந்த நேரம், வேறு கோட்டத்திலிருந்து வந்த புதுக் குழுவைக் கூட்டிக்கொண்டு கேப்டன் மேலே ஏறி வந்தார். புதுக் குழுவின் தலைவி ஒரு பெண். கழுத்தில் சூடு காட்டுகிற சின்னக் கேமரா தொங்கியது.

"அந்தப் பொட்டியைப் பைக்குள்ள போடும்மா," என்றார் கேப்டன். "எங்ககிட்ட உயிரோட ஒண்ணு இருக்கு. சார்ஜே போட வேணாம், மூணு வேளை சோறு போட்டா போதும். எங்கப்பா தெர்மாமீட்டர், காட்டு!"

பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். அவன் கையுறையைக் கழற்றினான். மண்டியிட்டு, வேர் இறங்குகிற இடத்தில் சாம்பலைக் கிளறி, உள்ளங்கையைப் பதித்தான். மண் இருக்கிறது என்பதுகூடக் கண்ணுக்குத்தான் தெரிந்தது. இப்போது குனிய வேண்டும். குனிந்தால் அத்தனை பேரும் பார்ப்பார்கள். உயிருள்ள கருவி ஏன் மண்ணை மோந்து பார்க்கிறது என்று யாராவது ஒருத்தன் சிரிப்பான்.

"பச்சைத்தண்ணி," என்றான்.

"கேமரால ஒரு வாட்டி பாத்துடட்டுமா?" என்றாள் அந்தப் பெண். "சும்மா, ஒரு திருப்திக்கு."

"எதுக்கு? அதுக்கும் வயசாகும்ல, கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க," என்றான் அவன்.

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. குச்சியை நடுகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, "மச்சான், கன்னத்தை வச்சுப் பாக்கலையே?" என்றார்.

"ரிப்பனைக் கட்டுங்க மாப்ள."

கட்டினார். பதினாலு என்று எழுதினார்.

மறுநாள் மத்தியானம் காற்று திரும்பியது. அடிமரத்து வேரிலிருந்து கிளம்பிய தீ, சரிவில் காய்ந்து கிடந்த புல்லைப் பிடித்து இறங்கியது. மூன்று வீடுகள் எரிந்தன. பட்டிக் கதவைத் திறந்துவிடத் திரும்பிப் போன மனிதர் கதவைத் திறந்துவிட்டார். ஆடுகள் வெளியே ஓடி வந்தன. அவர் வரவில்லை.

பாதி எரிந்த குச்சி கிடைத்தது, அதில் ரிப்பன் முனையும் பதினாலும் இருந்தன. அன்றைக்கே மாப்பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணைக்குத் தேதி போட ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் அவர் வீட்டில் ஒழுகுகிற குழாய், ஆடுகிற நாற்காலி, இறுக்கமான ஜன்னல் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தார். சரிசெய்ய ஒன்றும் இல்லாமல் போனதும் சும்மா உட்கார்ந்திருந்தார். அவன் வேலைக்குப் போய் வந்தான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது நினைப்பான். மாப்பிள்ளை "வாங்க மச்சான்" என்பார். அவன் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவான்.

விசாரணை அன்று காலை மூன்று பேரும் சமையலறையில் இருந்தார்கள். தங்கை கணவரின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சிறு தீயில், டம்ளரோடு டீயைச் சுட வைத்திருந்தாள். அவன் எட்டி அந்த டம்ளரை எடுத்தான். உள்ளங்கை முழுக்கச் சுற்றிப் பிடித்து, நின்றபடியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ அண்ணே! அது அடுப்புல இருந்துச்சு!"

ஒரு கணம் அவனுக்குப் புரியவில்லை. பிறகு, "ஸ்ஸ்ஸ்" என்று கையை உதறி, டம்ளரை மேடையில் வைத்தான்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இப்பத்தான் சுட்டுச்சா?"

அவன் கையைப் பின்னால் கொண்டுபோனான்.

"நான் கத்துனதுக்கு அப்புறந்தான் சுட்டுச்சா அண்ணே?"

"விடும்மா," என்றார் மாப்பிள்ளை. "நேரமாச்சு, சட்டையைக் குடு."

அவள் கணவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவர் கண் தரையில் இருந்தது. ஆறு வாரமாக அந்த வீட்டில் இரண்டு ஆண்கள் எதைச் சுற்றி நடந்தார்கள் என்பது அவளுக்கு அந்தத் தரையிலேயே எழுதியிருந்த மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"அவரா வாயைத் திறக்கணும்னு இருந்தேன்."

"எத்தனை நாளா அண்ணே?"

"போன வருஷத்துலேருந்து."

"ஒரு மனுஷன் செத்துட்டான். இந்த மனுஷன் உனக்காக வேலையைத் தூக்கிக் குடுத்துட்டு ஆணி அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். நீ டீ குடிக்கிற." குரலை அவள் உயர்த்தவே இல்லை. சட்டையை மடித்துக் கணவரிடம் கொடுத்துவிட்டு, அண்ணன் கையை இழுத்துக் குழாயடியில் பிடித்தாள். சிவந்த உள்ளங்கையில் தண்ணீர் விழுந்தது. அது சில்லென்று இருந்ததா என்று அவள் கேட்கவில்லை.

விசாரணை மாடியில். வராந்தாவில் ஒரு நீள பெஞ்ச். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நரைக்கத் தொடங்கிய ஒரு பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குமாஸ்தா கதவைத் திறந்து, "ஆட்டுப்பட்டிக்காரர் சம்சாரம் வந்தாச்சா?" என்றபோது கையைத் தூக்கினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதலில் அவனைத்தான் கூப்பிட்டார்கள், சாட்சியாக. உள்ளே மூன்று அதிகாரிகள், பக்கத்தில் கேப்டன். உட்காரச் சொல்வதற்குள் சொல்லிவிட்டான்: அடிமரத்தில் கை வைத்தது நான், என் கைக்குச் சூடு தெரியாது, தெரியாமலே சொன்னேன்.

நடுவில் இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது. "தங்கச்சி வீட்டுக்காரருக்காகச் சொல்றீங்க. புரியுது. எனக்கும் தங்கச்சி இருக்கா."

"சார், இவர் கை தப்பாது," என்றார் கேப்டன். "பதினஞ்சு வருஷமா பாக்குறேன். இவர் பாத்தது மேல்பக்கம். தீ கெளம்பினது கீழ்ப்பக்க வேர்லேருந்து. அதை மாப்பிள்ளை பாத்திருக்கணும்."

கேப்டன் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். இருபது வருஷத்தில் சம்பாதித்த பேர் இப்போது குறுக்கே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

அவன் மேஜையருகே போனான். காகிதங்களுக்குப் பக்கத்தில் ஒரு குண்டூசி டப்பா இருந்தது. அதைக் கேப்டன் பக்கம் தள்ளிவிட்டு, வலது கையை விரித்து மேஜைமேல் வைத்தான்.

"எந்த விரல்ல வேணாலும் குத்துங்க. எதுன்னு நான் சொல்றேன்." கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னப்பா விளையாட்டு இது…"

"குத்துங்க கேப்டன்."

மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே யாரோ இருமினார்கள். அவன் காத்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் ஆனது போலிருந்தது.

"ஆரம்பிங்க," என்றான். "ஏன் தயங்குறீங்க?"

கண்ணைத் திறந்தான். ஆள்காட்டி விரலில் ஒன்று, நடுவிரலில் ஒன்று, இரண்டு குண்டூசிகள் பாதி வரை இறங்கியிருந்தன. மூன்றாவது இன்னும் கேப்டன் கையிலேயே இருந்தது. அவர் அவனைப் பார்க்கவில்லை. அந்தக் கேமராவைப் பைக்குள் போடச் சொன்ன தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாரோ என்னவோ.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மறுபடி முதல்லேருந்து சொல்லுங்க," என்றார். "மெதுவா. எழுதிக்கிறேன்."

எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தான். அடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். கடந்து போகும்போது அவர் அவன் தோளைத் தொட்டார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்றுதான் அவன் நினைத்தான். கால் மட்டும் மாடிப்படிப் பக்கம் நகரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அண்ணே, ரத்தம்."

மடியில் பையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்தான். எந்தக் கை என்று அவன் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. விரலைத் துடைத்துக்கொண்டதாக ஞாபகம். மறுபடி கசிந்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்திருந்தது. அவள் பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள். ஆண்பிள்ளைக் கைக்குட்டை, சாம்பல் நிறக் கட்டம் போட்டது, துவைத்து நாலாக மடித்தது. அவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் விரல்களைச் சேர்த்துச் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். ஆடு மாடுகளுக்கு அடிபட்டுப் பார்த்துப் பழகிய கை என்று தெரிந்தது.

"எங்க குத்திக்கிட்டீங்க?"

"உள்ள."

"ரெண்டு எடத்துல ஆழமா ஏறியிருக்கே. வலிக்கலையா?"

உள்ளே கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவனிடம் பதில் இருந்தது. பிரிவு எண், தேதி, நேரம், எல்லாம். வெயில் வராந்தாவின் பாதிவரை வந்திருந்தது. கீழே தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது, கிளம்பியது. அவள் அவசரப்படவில்லை.

"இல்லம்மா," என்றான். "வலிக்கல. அதைத்தான் உங்ககிட்ட சொல்லணும்."

எதிர்ச்சுவரைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினான். அடிமரத்தைச் சொன்னான், சுற்றி நின்றவர்களைச் சொன்னான், குனியாமல் போனதைச் சொன்னான், சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் சொன்னான். பக்கத்தில் மூச்சுச் சத்தம் மாறியது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அவள் அந்தக் கைக்குட்டையை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாளா, விட்டுவிட்டாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் குனிந்து பார்க்க வேண்டும்.

சொல்லி முடிக்கும்வரை அவன் குனியவில்லை.