வரிசைத் தட்டில் வந்த வண்டி

பிரீத்தியின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் அப்பா நல்லசிவம் கேட்டது ஒரே ஒரு பொருள்தான். நகை உங்கள் இஷ்டம், ரொக்கப் பேச்சே வேண்டாம், உங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறதே அந்தச் சிவப்பு வண்டி, அது மட்டும் பெண்ணோடு வந்தால் போதும் என்றார். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியும் அச்சாபீஸும் வைத்திருப்பவர். அவர் வாய்விட்டுக் கேட்டதே பெரிது என்று ஊரே சொன்னது.

விருதுநகரில் வத்தல் மண்டி நடத்தும் பிரீத்தியின் அப்பா ராஜபாண்டியனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டே பேர் உட்காரக்கூடிய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் அது. அறுபத்து மூன்றாம் வருஷத்து மாடல். இளவட்டத்தில் துருப்பிடித்த கூடாக வாங்கி, பாதி ஆயுளைச் செலவழித்து ஓட வைத்தார். மறுநாள் விடிந்ததும் மெழுகு போட்டுத் துடைத்துவிட்டு, "நம்ம பிள்ளை அதுலயே போயி இறங்கட்டும்" என்று மனைவியிடம் சொன்னார். கொடுக்கும்போது சம்பந்தியிடம் ஒளிக்கவும் இல்லை. கிடைத்த சாமானை எல்லாம் போட்டு நானே பூட்டினது அண்ணாச்சி, என்றார். நல்லசிவம் தலையாட்டினார். அவர் காதில் எதுவும் விழவில்லை. கண் வண்டியின் பளபளப்பில் இருந்தது.

கல்யாணமான புதிதில் பிரீத்தி பூமியில் கால் வைத்து நடக்கவில்லை என்றே சொல்லலாம். கணவன் தருண்குமார் சாயங்காலமானால் அந்த வண்டியில் அவளை ஆனைக்குட்டம் அணைப்பக்கம் கூட்டிப்போவான். கூரையைப் பின்னால் மடித்துவிட்டால் தண்ணீர்க் காற்று முகத்தில் வந்து அடிக்கும். போகிற வழியில் அவள் கதை சொல்லுவாள். அவளிடம் இருந்ததெல்லாம் அந்த வண்டியின் கதைகள்தான்.

இடது கதவு அறுபத்தேழாம் வருஷத்து வண்டியினுடையது. அவள் ஓட்டப் பழகியபோது இதே அணைச் சுவரில் கொண்டுபோய் இடித்தாள். அப்பா ஒரு வார்த்தை திட்டாமல் கோயம்புத்தூர் போய் வேறொரு வண்டியின் கதவைத் தோளில் சுமந்து வந்தார். மறுகதவின் கைப்பிடியை இழுத்துத் திறக்க வேண்டும், இதில் பொத்தானை அமுக்க வேண்டும். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாத குறைக்கு, முரட்டுத்தனமாக அடித்துச் சாத்திக்கொள்ளும் அந்தக் கதவை அவள் அண்ணன் என்று கூப்பிடுவாள். பின்விளக்குகள் அறுபத்தெட்டு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் பம்பாயிலிருந்து வந்தவை. ஸ்டியரிங் இன்னொரு வருஷம், முன்பக்கத்து வலை வேறொரு வருஷம். வேகம் காட்டும் மீட்டர்கூடக் கறுப்பு முகத்துப் பிந்திய மாடல்தான். வண்டியோடு பிறந்த மீட்டருக்கு முகம் பாலாடை நிறம். அது என்றோ நின்றுபோய்விட்டது.

தருண் சிரித்துக்கொண்டே கேட்பான். இன்னொன்று சொல்லு, என்பான். தன் வீட்டு மனிதர்களையே ஒவ்வொருவராக அவனுக்கு அறிமுகம் செய்து வைப்பதாக அவளுக்கு இருக்கும்.

ஆவணியில் நல்லசிவம் அந்த வண்டியைச் சென்னையில் நடந்த பழைய கார் போட்டிக்குக் கொண்டுபோனார். பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். சோதிக்க வந்த ஆள் ஒரு சுற்றுச் சுற்றினான், குனிந்து பார்த்தான், மீட்டரைத் தட்டினான். "சார், இது ஒரு வண்டி இல்ல. கதம்பம்" என்றான். சுற்றி நின்ற பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். அன்று ராத்திரியே நல்லசிவம் வண்டியோடு ஊர் திரும்பினார். மறுநாளே வண்டி அச்சாபீஸின் சரக்குக் கிட்டங்கிக்குள் போயிற்று. கதவைப் பூட்டிவிட்டார்கள்.

ஆயுத பூஜைக்குப் பழுது பார்க்கிறார்கள் என்று பிரீத்தி நினைத்தாள். மாமியார் சுப்புத்தாய் வந்து, பூஜைக்கு உங்கப்பாவை வரச் சொல்லு, உங்க மாமா மரியாதை செய்யணும்ங்காக என்றபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவைப் போனில் கூப்பிட்டு, நல்ல வேட்டியாகக் கட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

ராஜபாண்டியன் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு தூக்குப்பையுமாக வந்தார். மகளை ஓரமாகக் கூப்பிட்டுப் பையை விரித்துக் காட்டினார். துண்டில் பொதிந்து பாலாடை நிறத்தில் ஒரு வட்ட முகம் இருந்தது.

"பழைய மீட்டரு ஆத்தா. எறிய மனசில்லாம வச்சிருந்தேன். மதுரையில ஒரு கடியாரக்காரரு உசுரு குடுத்துட்டாரு. உங்க மாமாகிட்ட நானே குடுக்கேன். நீ மூச்சு விட்றாத."

அச்சாபீஸ் முற்றம் நிறைய ஆட்கள். இயந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டு, வாசலில் வாழைமரம், பொரியும் கடலையும். ஏஜெண்டுகள், லாரிக்காரர்கள், உறவுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் நல்லசிவம் சம்பந்தியை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தோளில் சால்வை போட்டார். பிறகு உள்ளே பார்த்துக் கையசைத்தார்.

கம்பெனிப் பெண்கள் தாம்பாளம் தாம்பாளமாகத் தூக்கி வந்தார்கள். சிவப்புத் துணி மூடிய சீர்வரிசைத் தட்டுகள். வெற்றிலை, பூ, மஞ்சள் எல்லாம் முறைப்படி இருந்தன. ஒரு தட்டைப் பிரீத்தி கையிலும் சுப்புத்தாய் கொடுத்தாள். கனத்தது.

"தருணு, நீ சொல்லுப்பா. கதை ஒனக்குத்தான் தெரியும்" என்றார் நல்லசிவம்.

தருண் முதல் துணியை எடுத்தான். உள்ளே பின்விளக்குகள். அவற்றின் மேல் தங்க நிறத்தில் ஒரு லேபிள். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற அதே மினுமினுப்புத் தாளில், கொட்டை எழுத்தில், 1968.

"மாமியாரு ஆஸ்பத்திரியில, மாமா பம்பாய்ல. எதுக்கு? இந்த லைட்டு வாங்க" என்றான் அவன். கூட்டம் சிரித்தது. அடுத்த தட்டில் ஸ்டியரிங், அதற்கொரு கதை, அதற்கொரு லேபிள். கதவு தாம்பாளத்தில் அடங்காது என்பதால் இரண்டு பேர் மாலை போட்டுச் சுமந்து வந்தார்கள். "இவரு என் மச்சினரு. பிரீத்திக்கு அண்ணன்" என்று தருண் அறிமுகம் செய்தபோது பொரி தின்றுகொண்டிருந்தவர்களுக்குப் புரையேறிவிட்டது.

பிரீத்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் யாருக்கும் பயந்து இதைச் செய்யவில்லை. அவனுக்குக் கூட்டம் பிடித்திருந்தது. அணைக்கரையில் அவன் இதே சிரிப்போடுதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒங்க சாமானை எல்லாம் குறையில்லாம ஒப்படைச்சாச்சு சம்பந்தி" என்றார் நல்லசிவம். குரலில் அத்தனை மரியாதை. "வண்டிக்குச் சீமையிலருந்து அந்தந்த வருசத்துச் சாமானே வருது. பொண்ணையும் நல்லாப் பாத்து எடுத்திருக்கலாம்னு சுப்புத்தாயி சொல்லுதா. நான்தான் சும்மா இருன்னேன். அதைக் கழத்திப் பாக்க முடியாதுல்ல?"

ராஜபாண்டியன் எழுந்தார். சீர்த்தட்டை வேண்டாமென்று சொல்லக்கூடாது. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கிச் சாமானை எடுத்துக்கொண்டார். வெறுந்தட்டைத் திருப்பக்கூடாது என்பதால் தான் கொண்டுவந்த வாழைப்பழத்தில் ஒவ்வொன்றை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஒரு தட்டுக்கும் முறை தவறவில்லை.

கடைசியாக மகள் வந்து நின்றாள். அவள் தட்டில் கறுப்பு மீட்டர் இருந்தது. பழம் தீர்ந்துவிட்டது. அவர் கை தூக்குப்பைக்குள் போயிற்று.

"வேண்டாம்ப்பா."

"பிள்ளையை வெறுந்தட்டோட அனுப்பப்படாது தாயி."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பைக்குள்ளேயே அழுத்தினாள். மறுகையால் தன் தலையில் இருந்த மல்லிகையை உருவித் தட்டில் வைத்தாள். சுப்புத்தாய் வாயில் கை வைத்தாள். தட்டை அவளிடம் நீட்டிவிட்டு, சாமான்கள் ஏற்றியிருந்த லோடு ஆட்டோவில் பிரீத்தி ஏறி உட்கார்ந்தாள்.

ராஜபாண்டியன் பக்கத்தில் வந்து நின்றார். சால்வை இன்னும் தோளில் கிடந்தது.

"இறங்கு, ஆத்தா."

"நானும் வாரேன்."

"மாரிச்செல்விக்குத் தையில கலியாணம்னு பேச்சு நடக்கு. அக்கா திரும்பி வந்துட்டான்னா தங்கச்சியை யாரு கேட்டு வருவா?" அவர் குரல் உயரவே இல்லை. "நான் வாங்கிட்டேன்ல? எனக்கு ஒண்ணும் இல்ல. நீ இறங்கு."

தங்கச்சியின் பெயரைக் கேட்டதும் அவள் ஆட்டோவின் கம்பியைப் பிடித்து எழுந்தாள். இறங்கினாள். ஆட்டோ கிளம்பியது. மாலை போட்ட கதவு பள்ளத்தில் விழும்போதெல்லாம் தடதடத்தது.

பந்தியில் உட்கார்ந்து தருண் திருப்தியாகச் சாப்பிட்டான். "எல்லாம் ஒரு தமாசுக்குத்தான். உங்கப்பா நல்லாத்தான் எடுத்துக்கிட்டாரு, பாத்தியா? ஆமா, பையில என்னமோ வச்சிருந்தாரே?"

"சாத்தூர்ச் சேவு" என்றாள் பிரீத்தி. அவனுக்கு ரசம் ஊற்றினாள்.

கார்த்திகைக்குள் சீமையிலிருந்து கதவு வந்தது, விளக்குகள் வந்தன, ஸ்டியரிங் வந்தது. மீட்டர் மட்டும் வரவில்லை. பாலாடை முகத்தோடு அந்த வருஷம் சில மாதங்கள்தான் செய்தார்களாம். புதிதாகச் செய்த நகலைப் போட்டியில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். நல்லசிவம் லண்டனுக்குப் போன் போட்டார். கேட்ட விலையைத் தருகிறேன் என்று கெஞ்சும் குரலில் யாரிடமோ சொன்னார். பிரீத்தி அவர் பக்கத்தில் காப்பியை வைத்துவிட்டுச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். விருதுநகரில் மாரிச்செல்வியின் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் அந்தப் பாலாடை முகம் துண்டுக்குள் கிடந்தது. பிரீத்தியேதான் போனில் சொல்லி அங்கே வைக்கச் செய்தாள். அப்பா இரண்டு தடவை, கொடுத்துரலாமே தாயி என்று கேட்டார். மண்டியில் வத்தல் என்ன விலை என்று அவள் கேட்டாள்.

தைப் பொங்கலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் தருண் அவளை மறுபடியும் ஆனைக்குட்டம் கூட்டிப்போனான். மீட்டர் இருந்த இடத்தில் வட்டமாக ஓட்டை. உள்ளே கம்பிகள் தெரிந்தன. எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டு கதவுக்கும் ஒரே மாதிரிக் கைப்பிடி. அவள் பக்கத்துக் கதவு ஓசையில்லாமல் சாத்திக்கொண்டது.

"ரொம்ப நாளாச்சு. ஏதாச்சும் கதை சொல்லேன்" என்றான்.

"இதுல எல்லாமே சரியான வருசத்துச் சாமானுங்க" என்றாள் அவள். "கதை ஒண்ணும் இல்ல."

அவன் சிரித்தான். நல்ல பதில் என்று நினைத்துக்கொண்டு வண்டியை இன்னும் விரட்டினான்.