சைலஜாவின் கம்ப்யூட்டர்

இனியா பச்சை வயரின் முனையையும் கறுப்பு வயரின் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு சுவிட்சைப் போட்டாள். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் புது எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி சுற்றத் தொடங்கியது.

கூடத்தில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அப்பா ராமதாஸ், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். பெங்களூரிலிருந்து அண்ணன் செழியன் வந்ததும் எடுப்பதாக இருந்தார்கள். வேங்கிக்கால் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. படிப்பு முடித்ததிலிருந்து இனியாவும் அவரோடு அங்கேதான் வேலை செய்தாள்.

சற்று முன்புதான் சைலஜா துக்கம் கேட்க வந்திருந்தாள். பார்வை இல்லாதவள். திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்குக் காரியம் நடக்கும். எஸ்எம்பிஎஸ் எரிந்துபோனதால் கம்ப்யூட்டரை இங்கே கொடுத்திருந்தாள். மறுநாள் ஆன்லைனில் அவளுக்கு வேலைக்கான இன்டர்வியூ. அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. இனியாவின் அம்மா ஆராயியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இனியாதான் அதை நினைத்து எழுந்து கடைக்கு வந்தாள்.

சித்தப்பா அர்ஜுனன் கடை வாசலில் வந்து நின்றார்.

"எங்கண்ணன் அங்க கெடக்குறாரு. அவரவிட இது ஜாஸ்தியாப் போச்சா உனக்கு?"

"நாளைக்கு அவங்களுக்கு இன்டர்வியூ, சித்தப்பா. செழியண்ணன் வர்றதுக்குள்ள முடிச்சிடுறேன்."

"அதான் சுத்துதே. மாட்டிக் குடுத்துட்டு வா."

"சுத்துனா மட்டும் போதாது."

மல்டிமீட்டரின் சிவப்பு முனையை மஞ்சள் வயரில் வைத்தாள். பன்னிரண்டு வோல்ட் காட்ட வேண்டும். பதினான்கு காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே பதினான்கு. இதை மாட்டியிருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கருகிப்போயிருக்கும்.

"ஃபால்ட் பீஸு."

"அப்ப விடும்மா. இன்னைக்கு உன்ன யாரு கேக்கப் போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க" என்றபடியே அவள் மேஜைக்கு அடியிலிருந்து அப்பாவின் கம்ப்யூட்டரை இழுத்தாள். நேற்று சாயங்காலம்கூட அவர் அதில் பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். திருகுகளைக் கழற்றத் தொடங்கினாள்.

"அது அண்ணனோடது..."

இனியா கடைசித் திருகையும் கழற்றினாள். அதன் எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்து, தூசியை ஊதி, அதையும் சோதித்தாள். பன்னிரண்டு. ஐந்து. எல்லாம் சரியாக இருந்தது. சைலஜாவின் பெட்டிக்குள் அதைப் பொருத்தும்போது ஒரு திருகு நழுவி விழுந்தது. அர்ஜுனன் உள்ளே வந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு குந்தி, திருகைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பிறகு பெட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் பேசியது. கூடத்தில் அழுகை சட்டென்று நின்றது. சைலஜா சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள்.

"இன்னைக்குப் போயி ஏம்மா..." பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"செக் பண்ணிட்டேன்க்கா. நல்லா ஓடும். நீங்க தைரியமாப் பேசுங்க."

அர்ஜுனன் பெட்டியைத் தூக்கிப் போய் ஆட்டோவில் வைத்தார். சைலஜாவோடு ஆட்டோ கிளம்பியதும் இனியா கையைக் கழுவிக்கொண்டு வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி தளர்ந்திருந்தது. அதை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினாள்.