'தீ' விழுந்த சொல்

1

இந்தக் கதை ஒரே ஒரு எழுத்தால வந்தது. நான் பெரியநாயகம், கல்லு ஒடைக்கிறவன். நாப்பத்தாறு வயசுலதான் எழுத்துக் கத்துக்கிட்டேன். முதல் வரியை இப்படி எழுதினேன்: 'தொப்பூர் கணவாயில் மாலை மங்கிய நேரத்தில்' (அடிச்சிட்டேன். அப்ப உச்சி வெயில். கதைன்னா மாலை மங்கணும்னு நெனச்சுட்டேன்.)

லாரி கவுந்துச்சு. லோடுமேன் இன்னாசி, என் தங்கச்சி ஏஞ்சலினோட வூட்டுக்காரன், கால் நசுங்கி மயக்கமாக் கெடந்தான்.

2

ஆஸ்பத்திரியில காகிதம் நீட்டினாங்க. "காலை எடுக்கணும். கையெழுத்துப் போடுங்க."

ஏஞ்சலின் குவைத்துல வூட்டு வேலை செய்யறா. நெட்டுல கூப்பிட்டுக் கேட்டேன், போடட்டுமான்னு. தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி வந்துச்சு குரல்.

"போட்டுடுங்கண்ணா..." அதுக்கு மேல ஒரே எரைச்சல்.

போட்டேன். கைநாட்டு இல்ல, என் முதல் கையெழுத்து. (அந்த நேரத்துலயும் கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. இந்த வரியை எடுத்துடலாமான்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன். இருக்கட்டும்.)

3

கண்ணு முழிச்சதும் இன்னாசி கேட்டான், "மச்சான், அவளா காலை எடுக்கச் சொன்னா?"

"ஆமா மாப்ள."

அன்னையிலிருந்து அவ கூப்பிட்டா அவன் போனை எடுக்கறதில்ல. "ஒத்தக்காலன்கிட்ட அவளுக்கு என்ன பேச்சு"ங்கறான்.

போன வாரம் ஏஞ்சலின் என்னைக் கூப்பிட்டு அழுதா. "ஏண்ணா போட்டீங்க? போட்டுடாதீங்க, பெங்களூரு கொண்டுபோங்கன்னுதானே கத்தினேன்!"

போட்டுடாதீங்க. 'டா' தேஞ்சு 'டு'ன்னு கேட்டுச்சு, சரி. நடுவுல இருந்த 'தீ' எங்க போச்சு?

4

போன் கடை வீரமணிகிட்ட ஓடினேன்.

"லைன் ஒடுங்கிப்போனா, பேச்சு கட்டாவாம இருக்கறதுக்குக் குரலை எளைக்க வெச்சு அனுப்பும்ங்க. வுட்டுப்போன சத்தத்தை முன்னாடி வந்த சத்தத்தை வெச்சு அதுவே ரொப்பிக்கும். நீங்க 'குறைந்த டேட்டா'வை வேற போட்டு வெச்சிருக்கீங்க. யாருங்க போட்டது?"

நாந்தான். எழுத்துக் கூட்டிப் படிச்சு, நானே அமுத்தினேன்.

அப்ப நான் கேட்டது தங்கச்சி சொன்னதில்ல, போன் ரொப்பினது. இல்ல, 'போடு'ன்னு யாராச்சும் சொல்லிட மாட்டாங்களான்னு என் காதே...

5

முடிவு ஒண்ணு: இன்னாசிகிட்ட உண்மையைச் சொல்றேன். அவன் ஊன்றுகோலை எம்மேல எறியறான்.

முடிவு ரெண்டு: ஏஞ்சலின் ஊருக்கு வர்றா, ரெண்டு பேரும் அவங்களாவே சமாதானம்... (இல்ல. இது நான் தப்பிக்க எழுதினது.)

இன்னாசிக்குப் படிக்கத் தெரியாது. இப்ப எதிர்லயே உக்காந்திருக்கான். "என்னத்த மச்சான் எழுதறே? படி, கேப்போம்."

படிச்சா, அந்த எடம் வர்றப்ப என் வாய் 'தீ'யை முழுங்கிடும். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அவன் மடியில போன் அதிருது. ஏஞ்சலின்தான். அவன் எடுக்கல.

காகிதத்தை உங்க கையில குடுக்கறேன். எனக்கு முன்னாடியே எழுத்துத் தெரிஞ்சவங்க நீங்க. அவன் காதுல விழற மாதிரி சத்தமா படிங்க. ஒரு எழுத்தையும் வுட்டுடாதீங்க.