மாறிப்போன ஐபி எண்

பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடியில் இருக்கும் அந்தச் சின்னக் கணினிக் கம்பெனியில் குமுதாவுக்குப் பதினொரு வருடம். ராஜேஷ்குமாருக்கு எட்டே மாதம். திருநெல்வேலியிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். வந்த மூன்றாம் மாதமே முதலாளி சிவசம்பு அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டார். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் "குமுதா பாத்தாச்சா?" என்று கேட்ட மனிதர், இப்போது "ராஜேஷ் என்ன சொல்றான்?" என்கிறார். உள்ளூர்க்காரர்கள் பேச்சுக் கடைசியில் ஒட்டும் 'லா'வை அவன் தப்புத் தப்பாகப் போட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். குமுதா பிறந்ததிலிருந்து ஒழுங்காகத்தான் 'லா' போடுகிறாள். யார் சிரித்தார்கள்?

சுபாங் ஜெயாவில் புதுக் கிளை திறக்கப் போகிறார்கள். அதற்குத் தலைமை யார் என்று அடுத்த வாரம் சொல்வதாக சிவசம்பு அறிவித்திருந்தார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று குமுதா நம்பியிருந்தாள், எட்டு மாதத்துக்கு முன்பு வரை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராஜேஷ் மடிக்கணினியோடு அவள் மேசைக்கு வந்தான்.

"அக்கா, தம்புசாமி அங்கிளோட கிளவுட் சர்வர். ஞாயித்துக்கெழம ஆஃப் பண்ணி, மெமரி கூட்டிட்டு ஆன் பண்ணப்போறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ நீங்க பாத்துருங்கக்கா."

எந்த சர்வரையும் இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்த பிறகே தொட வேண்டும் என்பது அந்த ஆபீஸ் வழக்கம். கம்பெனியின் வாடிக்கையாளர் தம்புசாமி கிள்ளானில் முப்பது லோரி வைத்திருப்பவர். சரக்கு ஏற்றும் கிடங்கிலிருந்து ஒவ்வொரு லோரிக்கும் அவருடைய சர்வர்தான் அனுமதிச் சீட்டுக் கேட்டு வாங்க வேண்டும். கிடங்கின் கணினியோ, தன்னிடம் பதிந்து வைத்த ஐபி எண்ணிலிருந்து, அதாவது சர்வரின் இணைய முகவரியிலிருந்து, கேட்டால் மட்டும்தான் சீட்டுக் கொடுக்கும். வேறு எண் என்றால் வாயே திறக்காது.

குமுதா மவுஸை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். கடைசி வரியில் கை நின்றது. ஐபி எண்ணுக்குப் பக்கத்தில் 'டைனமிக்' என்று இருந்தது. அப்படியே விட்டால், சர்வரை அணைத்துப் போட்டதும் எண் வேறாகிவிடும். 'ஸ்டேட்டிக்' என்று மாற்றி வைத்தால்தான் அதே எண் நிற்கும். இரண்டு தடவை அமுக்கினால் முடிகிற வேலை.

பெரிய கெட்டிக்காரன்! இதைக்கூடப் பார்க்கத் தெரியவில்லை. அவளுக்குள் ஒரு சந்தோஷம் குப்பென்று ஏறியது. மாட்டட்டும்.

"எல்லாம் ஓகே லா," என்றாள்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா."

அந்தச் சனியும் ஞாயிறும் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திங்கள் காலை எட்டரைக்குத் தம்புசாமியின் போன் வந்தது. "என்னம்மா நடக்குது அங்க? ஒரு லோரிக்கும் சீட்டு வரல! முப்பது டிரைவரும் ரோட்டுல நிக்கிறானுங்க!"

ராஜேஷ் திரையைப் பார்த்தான். எண் மாறியிருந்தது. புது எண்ணைக் கிடங்கில் பதிய, விண்ணப்பப் பாரம் எழுதி அனுப்பி மூன்று நாள் காத்திருக்க வேண்டும். குமுதா அவனை அரை மணி நேரம் தவிக்க விட்டாள். பிறகு நிதானமாகப் போனை எடுத்து, கிடங்கில் கணினி வேலை பார்க்கும் தன் பழைய தோழி ரிஸ்வானாவைக் கூப்பிட்டாள். "எனக்காக இந்தப் புது நம்பர இப்பவே பதிஞ்சிடு லா, ரிஸ்வானா." பதினொரு மணிக்கு லோரிகள் நகர்ந்தன.

சிவசம்பு அறையை விட்டு வெளியே வந்தார். "யார் இத செக் பண்ணது?"

குமுதா தன் திரைப் பக்கம் குனிந்துகொண்டாள். இந்தக் கேள்வி வரும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

"யார்கிட்டயும் காட்டல சார்," என்றான் ராஜேஷ். "நானே பண்ணிட்டேன்."

"ஒன் பெர்மிட்டப் புதுப்பிக்கிற நேரத்துல இப்படியா வேல செய்வ?" பத்து நிமிடம் எல்லோர் முன்னிலையிலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு குமுதா பக்கம் திரும்பினார். "அனுபவம்னா இதான். சுபாங் ஜெயாவ நீயே பாத்துக்க."

எல்லோரும் கை தட்டினார்கள். ராஜேஷும் தட்டினான்.

மத்தியானம் படிக்கட்டில் அவனை நிறுத்தினாள். "ஏன் அப்படிச் சொன்ன?"

"வெள்ளிக்கெழம அந்த வரியில உங்க மவுஸ் ரொம்ப நேரம் நின்னுச்சுக்கா. ஏன்னு அப்பப் புரியல. இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

"அப்போ பாஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? எட்டு மாசம் வேல செஞ்சவன் சொன்னா நம்ப மாட்டாருன்னு பயமா?"

"நம்பியிருப்பாருக்கா," என்றான். "அதான் சொல்லல."

அவன் கீழே இறங்கிப் போய்விட்டான். குமுதா மேலே வந்து தம்புசாமியின் சர்வரைத் திறந்து, புது எண்ணை ஸ்டேட்டிக்காக மாற்றினாள். இரண்டு தடவை அமுக்கினாள், முடிந்தது. நாற்காலி அவளுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் நம்பியிருப்பார் என்று அவன் சொன்னது உண்மை, அது அவளுக்கும் தெரியும். கெட்டிக்காரனாக இருந்தது போதாதென்று இவன் நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே என்று வயிறு பற்றி எரிந்தது.